உள்பக்கத் தாழ்ப்பாள்

எங்கூட்டுக்காரர் செங்கோட்டையன் இருக்காருங்களே, சொன்ன வேலையை மட்டும் செஞ்சுட்டு வாயை மூடிட்டு வர்ற ரகமில்லைங்க. நாமக்கல்லுல லாரி பாடி கட்டற பட்டறையில இருபத்திரண்டு வருசம். ஓனர் நாலு கொக்கி வைக்கச் சொன்னா இவர் ஆறு வைப்பார். ஏனுங்கன்னு கேட்டா, ரோட்டுல போறவன் உசுருக்கு ஓனரா பொறுப்பும்பார். ஊரே தன் தலைமேல நிக்குதுன்னு நெனப்பு. எனக்கு வாய்ச்சது அப்படி.

கொரோனா வந்து பட்டறையை மூடுனாங்க. நோவு கண்ட ஊட்டு வாசலைத் தகரம் வெச்சு அடைக்கற வேலைக்கு முனிசிபாலிட்டியில இவரைக் கூப்புட்டாங்க. நாலு ஊட்டை அடைச்சார். அஞ்சாவது, எங்க எதுத்தூட்டு உபகாரசாமி அண்ணன் ஊடு. ஆஸ்பத்திரியில எடமில்லை, காய்ச்சல் லேசுதான், ஊட்டுலயே இருங்கன்னு அவரை அனுப்பிட்டாங்க. ஆனா அவர் பழைய இரைப்புக்காரர். அவர் சம்சாரம் இசபெல்லாக்கா சன்னல்ல நின்னுட்டு, "தம்பி, இவருக்கு மூச்சு முட்டுனா நான் எப்படி வெளிய வர்றது?"ன்னு கேட்டுச்சு.

இந்த மனுசன் ஆணியைக் கீழ போட்டுட்டு ஊட்டுக்கு வந்து, ரெண்டு கீலும் ஒரு தாழ்ப்பாளும் எடுத்துட்டுப் போனார். தகரத்துலயே ஒரு கதவு வெச்சு, தாழ்ப்பாளை உள்பக்கமா மாட்டிட்டார். அதோட உட்டாரா? முன்ன அடைச்ச நாலு ஊட்டுக்கும் போய் அதே மாதிரி செஞ்சுட்டு வந்தார்.

ஆபீசர் வந்து கதவை ஆணியடிச்சு மூடச் சொன்னார். இவர் முடியாதுன்னுட்டார். "நோவு பரவக்கூடாதுங்கறது சரிங்க. உசுரோட மனுசனைப் பொட்டியில வெச்சு அடைக்கறது சரியில்லீங்க. தப்புன்னா எம்மேல கேஸ் போடுங்க"ன்னு, ரேசனுக்கு நீட்டற மாதிரி ஆதார் அட்டையை நீட்டுனார். அவங்களும் போட்டாங்க. கூலியும் போச்சு. நோவு ஊட்டு வாசல்ல ஆணியடிக்க வேற எவனும் வரலை, கதவு அப்படியே நின்னுச்சு.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லைங்க. எங்க கிருத்திகாவுக்கு அப்ப மூணு வயசு. தெருவே நடுங்கிட்டுக் கெடக்குது, இவர் கதவு வெச்சுக் குடுக்கறார். புருசன்கிட்டச் செல்லாத கோவத்தை எடுத்துட்டுப் போய் எதுத்தூட்டு வாசல்ல கத்துனேன். தாழ்ப்பாள் இருக்குதுன்னு தொறந்தீங்கன்னா நான் மனுசியா இருக்கமாட்டேன்னேன்.

ஆறாம் நாள் காலையில தண்ணி புடிச்சுட்டிருந்தேன். தகரத்தைத் தட்டற சத்தம் கேட்டுச்சு.

"வசந்தாமணி... இவருக்கு மூச்சு இழுக்குது. தொறந்துக்கட்டுமா சாமி?"

தாழ்ப்பாள் அந்தக்கா கையில இருக்குது. பொறத்தால புருசன் மூச்சுக்குத் தவிக்கறார். அந்தக்கா என்கிட்ட உத்தரவு கேட்டுட்டு நிக்குது.

"தொறங்கக்கா!"ன்னு கத்திட்டு, கொடத்தைப் போட்டுட்டு ஓடுனேன். எங்கூட்டுக்காரர் நூத்தியெட்டுக்குப் போன் போட்டார். பத்து நாள்ல அண்ணன் பொழைச்சு ஊடு வந்துட்டார்.

கோர்ட்டுல இவர் நாந்தான் செஞ்சேன்னு சொல்லி அபராதம் கட்டிட்டு, டீ குடிச்சுட்டு வந்தார். அந்தக்கா என்கிட்டக் கேட்டுட்டு நின்னுச்சே, அந்த நேரத்துக்கு என்மேல ஒருத்தரும் கேஸ் போடலீங்க.