தெற்குச் சுவரில் ஒரு ஓட்டை

மதுரை வெயிலுக்குப் பாய்லர் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியைகள் கேலி செய்தார்கள். குளிர் காய்வதற்கு இல்லை, இட்லி வேகவைப்பதற்கு என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். விளாங்குடியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து கட்டியது. இப்போதெல்லாம் மண்டபம் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஏசி இருக்கிறதா என்பார்கள்; அடுத்து சமையலறைக்குள் நுழைந்து ஸ்டீம் இருக்கிறதா என்பார்கள். இல்லையென்றால் திண்டுக்கல் ரோட்டில் அடுத்த மண்டபத்துக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அதனால்தான் டீசலில் எரியும் நீராவிப் பாய்லர் ஒன்றை வாங்கினோம்.

வாங்கியதில் எல்லாரையும்விட அதிகச் சந்தோஷம் கணவரின் அண்ணனுக்கு. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஞ்சின் சத்தம் கேட்டால் சோறு வேண்டாம் அவருக்கு.

பாய்லரைப் பொருத்த கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளம் இஞ்சினியர் வந்தார். சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையில் சிமெண்ட் மேடை கட்டி அதை நிறுத்தினார். டீசல் தொட்டியைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளி வைத்து, எண்ணெய் சிந்தினால் ஓடிவிடாதபடி சுற்றிலும் ஒரு குட்டிச் சுவர் எழுப்பச் சொன்னார். புகைக்குழாயை மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோனார். பாய்லரை ஓடவிடவும், ஏதாவது ஆனால் உள்ளே போகாமலே நிறுத்தவும், கதவுக்கு வெளியே ஒரு சிவப்பு சுவிட்ச் வைத்தார். எல்லாம் முடிந்து, கடைசியில் அறையின் தெற்குச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு பெரிய சதுர ஓட்டை போட்டு இரும்பு வலை அடிக்கச் செய்தார். அண்ணன் தம்பி இருவரும் ஃபோனில் பாய்லர் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்ததால், பாவம் அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிட்டு விளக்கியது. அறையில் சாமி கும்பிட்டபோது ஏற்றிய ஊதுபத்தியை எடுத்து ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். புகை வளைந்து பாய்லரை நோக்கி ஓடியது.

"எண்ணெய் எரியறதுக்கு இந்தக் காத்துத்தானுங்க. இதை மட்டும் அடைச்சுப்போடாதீங்க மேடம். அடைச்சா உள்ளார கெட்ட வாயு சேரும். அதுக்கு வாசனையே இருக்காதுங்க, ஆளுக்குத் தெரியாமலே ஆளைச் சாய்ச்சிரும்."

நான் கணக்கு டீச்சர். சொன்னதைச் சொன்னபடி கேட்டுக்கொள்கிற ஜாதி. வீட்டுக்கு வந்து எல்லாரிடமும் அதை ஒப்பித்தேன். சரி சரி என்றார்கள். அதோடு பரீட்சை வந்துவிட்டது. விடைத்தாள்களும் நானுமாகக் கிடந்தேன். மண்டபத்துப் பக்கம் போகவில்லை.

புதுப் பாய்லரில் முதல் விசேஷம் வெளியாருக்கு வேண்டாம், நம் வீட்டு விசேஷமாக இருக்கட்டும் என்று மாமா தன் பேரனின் காதுகுத்தை அங்கே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. நான் போனபோது மண்டபத்தில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்தாயிற்று. மாமா விடியற்காலையிலிருந்தே பாய்லர் அறையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சேரைப் போட்டு, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தபடி இருக்கிறார் என்றார்கள். டீசல் வாடை சாம்பாரில் ஏறிவிடும் என்று கதவையும் அவரே சாத்திக்கொண்டாராம். நடுவில் ஒருமுறை வெளியே வந்து தலை பாரமாக இருக்கிறது என்றிருக்கிறார். வெறும் வயிறு, பித்தம் என்று சொல்லி, அவர் மனைவி சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து மறுபடி உள்ளே அனுப்பியிருக்கிறார்.

பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். தாத்தாவைக் காணோம். போய்க் கூட்டிக்கொண்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

கதவைத் திறந்தேன். மாமா சேரில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். வேட்டி நனைந்திருந்தது. ஒரு செருப்பு காலைவிட்டுத் தள்ளிக் கிடந்தது. மாமா என்று தோளைத் தொட்டேன், தலை தொங்கியது.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். ஓட்டை இல்லை. ஓட்டை இருந்த இடத்தில் நல்ல வழவழப்பான பூச்சு. வெள்ளை அடித்து, நடுவில் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்திருந்தார்கள்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. சிவப்பு சுவிட்சை அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. என் கணவர் ஓடிவந்து அண்ணனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்குப் பாய்ந்தார். முன்பக்கத்தில் பிள்ளை வீல் என்று அழுகிற சத்தம் கேட்டது. காது குத்திவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சடலமாகத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். நான் வராண்டாவில் வைத்துக் கணவரிடம் கேட்டேன், ஓட்டையை யார் அடைத்தது என்று. அவர் தரையைப் பார்த்தார். வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் வந்திருந்தாராம். பாய்லர் அக்னி மூலையில் இருக்கிறது, அது சிறப்பு. ஆனால் தெற்கே கண் திறந்திருக்கிறது, அது எமன் வருகிற வழி, குடும்பத்துக்கு ஆகாது என்றாராம். மறுநாளே மேஸ்திரியைக் கூப்பிட்டு அடைத்துவிட்டார்கள். என் கணவருக்குத் தெரியும். மாமாவின் மனைவிக்குத் தெரியும். மேஸ்திரிக்கு டீ வாங்கிக்கொடுத்தவருக்குக்கூடத் தெரியும். நான் கத்துவேன் என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லை. கத்தியிருப்பேன்தான். கத்தியிருந்தால் அந்த மனுஷன் பேரன் காதுகுத்தைப் பார்த்திருப்பார்.

மாமா பிழைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு பேச்சில் ஒரு தடுமாற்றம் தங்கிவிட்டது. பேசிக்கொண்டே இருப்பார், ஒரு சொல் அகப்படாது. கையை ஆட்டி ஆட்டித் தேடுவார். பஸ்ஸைக் காட்டி, அது, அது என்பார். எத்தனையோ வருஷம் டிப்போவில் இருந்தவர்.

அவரைப் பார்க்க அந்த வாஸ்துக்காரர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். வெட்கமாவது இருக்கும் என்று நினைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்து சொன்னார்:

"வந்தது பெரிய கண்டம். நாம முன்கூட்டியே தெக்க அடைச்சோம், இம்புட்டோட போச்சு. தெறந்து கெடந்திருந்தா ஆளே மிஞ்சியிருக்க மாட்டாரு."

மாமா ஆமாம் என்று தலையாட்டினார். அவர் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த அறையில் எனக்குத்தான் பைத்தியமா, மற்ற எல்லாருக்குமா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே சந்தேகம் வந்தது. ஆப்பிளைத் தூக்கி வாசலில் வீசியெறிந்தேன். மாமாவின் மனைவி இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இஞ்சினியரை நானே ஃபோனில் கூப்பிட்டேன். அவர் வந்து, நான் பக்கத்திலேயே நிற்க, சுவரை உடைத்து ஓட்டையைத் திறந்தார். மேலே சிவப்புப் பெயிண்டில் 'அடைக்கக் கூடாது' என்று எழுதச் சொன்னேன். அதன் பிறகு அங்கே கல்யாணங்கள் நடந்தன. இட்லி வெந்தது. நானும் கொஞ்சம் தூங்க ஆரம்பித்தேன்.

போன தை மாதம் ஒரு முகூர்த்தம். பாய்லர் பற்றவைப்பதற்கு முன்னால் போய் ஒரு பார்வை பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. போனேன். தெற்குச் சுவரை ஒட்டி மணை போட்டு, அதன்மேல் இடுப்பு உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அஷ்டலட்சுமி. எட்டு லட்சுமிகளும் ஓட்டையை முழுக்க மறைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள். சிவப்பு எழுத்தும் தெரியவில்லை. முன்னால் ஊதுபத்தி ஏற்றியிருந்தது. புகை வளையாமல், ஆடாமல், நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

பின்னால் என் கணவர் வந்து நின்றார். கையில் தீப்பெட்டி.

"வந்து பாக்குற ஆளுகெல்லாம் தெக்க என்ன ஓட்டைன்னு கேட்டுட்டு, வேற மண்டபத்துக்குப் போயிர்றாங்க" என்றார். "நான் அடைக்கலையே. படம்தான வச்சிருக்கேன்."

அண்ணனைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே மனுஷன். கத்தத்தான் வாயைத் திறந்தேன். மூலையில் அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் சேர் கிடந்தது. அதை இழுத்து பாய்லர் முன்னால் போட்டேன்.

"அப்ப நீங்க இதுல உக்காருங்க. நான் கதவச் சாத்திட்டுப் போய் சுவிட்சப் போடுறேன்."

அவர் சேரைப் பார்த்தார். உட்காரவில்லை. சமையலறையிலிருந்து ஸ்டீம் எப்போது வரும் என்று மாஸ்டர் குரல் கொடுத்தார். என் கணவர் குனிந்து, படத்தை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தினார். ஊதுபத்திப் புகை சட்டென்று வளைந்து எங்கள் பக்கமாகப் பாய்ந்தது.

அவர் படத்தை அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வராண்டாவில்கூட அழாதவர், அன்றைக்கு அழுதார்.