டிக்கிக்குள் நான்கு ஸ்பீக்கர்

எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் இல்லை நண்பா. சவுண்ட் வேலையை நான் கற்றுக்கொண்டது ஒரு கார் டிக்கியில். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவனிடம் சர்டிபிகேட்டா கேட்கிறாய்?

அந்த டிக்கியைத் திறந்தால் ஒரு வாசனை வரும். சூடான ஒயர், உருகின ஈயம், கொஞ்சம் பெட்ரோல்... இப்போதும் ஆம்ப்ளிஃபயர் சூடானால் எனக்கு அப்பா ஞாபகம்தான்.

அப்பாவுக்கு மராத்திக்காரர்கள் ஊரில், போசரியில் ஒரு ஃபேக்டரியில் வேலை. நாள் முழுக்க மெஷினோடு இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறுபடி எதையாவது பிரித்துப் போடுவார். கோயம்புத்தூரிலிருந்து அம்மாவைக் கூட்டி வந்ததைவிட தன் டேப்டெக்கைத்தான் பத்திரமாகக் கொண்டு வந்தார் என்று அம்மா சொல்வாள். அதை எங்கள் பழைய காரில் மாட்டி, டிக்கியில் நான்கு ஸ்பீக்கரை இறக்கியவரும் அவரே.

"ஒரு அரிசி மூட்டை வைக்க எடமில்ல. இதுல கச்சேரி வேற" என்பாள் அம்மா.

இதெல்லாம் சிரிப்போடு போய்க்கொண்டிருந்தது, சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வீடியோ கேமரா கொண்டுவரும் வரை.

ஔந்தில் எங்கள் அபார்ட்மெண்ட் சொசைட்டியின் கணபதி விழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் புரோகிராம் உண்டு. அந்த வருஷம் என் அக்கா சுதா கோலி டான்ஸ் ஆடினாள், மீன்பிடிக்கிறவர்களின் ஆட்டம். ஒன்பது கஜப் புடவையைக் கட்டிவிட்டது பக்கத்து வீட்டு ஆன்ட்டி. மராத்திப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே தமிழ்ப் பெண், முன்வரிசையில் அவள்தான்.

அப்பா ஆட்டம் முழுக்கக் கேமராவில் ஒரு கண்ணை ஒட்டியே நின்றார்.

மறுநாள் எங்கள் வீட்டு ஹாலில் பாதி சொசைட்டி. அப்பா கேசட்டைப் போட்டார். டிவியில் வந்தது அப்பாவின் செருப்பு. அப்புறம் நாற்காலிக் கால். யாரிடமோ ஜூம் பற்றி விளக்கம் கொடுக்கும் அப்பாவின் குரல். அப்புறம் நேராக சமோசா தட்டு.

டெஸ்ட் பண்ண முன்னாடியே ஆன் செய்ததை மறந்துவிட்டார். டான்ஸ் ஆரம்பித்ததும் பட்டனை அமுக்கினார், ரெக்கார்டிங் நின்றது. முடிந்ததும் அமுக்கினார், மறுபடி ஓடியது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"பரவால்லப்பா. நீங்களாச்சும் பாத்தீங்கல்ல? கடைசில நான் என்ன பண்ணேன், சொல்லுங்க."

அப்பா தலையைச் சொறிந்தார். அந்த நேரத்தில் போகஸ் சரிசெய்துகொண்டிருந்தாராம்.

"வலைய உங்களப் பாத்துதான் வீசினேன். அடுத்த வருஷம் நீங்க வர வேண்டாம்."

சின்னப் பிள்ளைக் கோபம் என்றுதான் நினைத்தோம். இல்லை. அடுத்த கணபதி வரை அவளுடைய ஸ்கூல் விழா எதற்கும் அப்பாவை அழைக்கவே இல்லை. கேமரா பீரோவுக்குள் போனது. அப்பா தினமும் அவள் சைக்கிளுக்குக் காற்றடித்து வைப்பார். அவள் பேசாமல் எடுத்துக்கொண்டு போவாள்.

அடுத்த வருஷம் மறுபடி அதே டான்ஸ். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் பேசி ஒரு கண்டிஷன் வாங்கி வந்தாள்: அப்பா வெறும் கையோடு வரவேண்டும். கிளம்பும்போது வாசலில் வைத்து அப்பாவின் சட்டைப்பையைச் சோதித்து ஒரு டெஸ்டரைப் பிடுங்கினாள்.

அப்பா முன்வரிசையில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை அவருக்கு. மடியில் வைத்தார், கட்டிப் பார்த்தார், மறுபடி மடி...

பாட்டு ஆரம்பித்தது. அக்கா இரண்டு சுற்று சுற்றினாள்.

கரண்ட் போனது.

லைட்டும் பாட்டும் சேர்ந்து செத்தன. செகரட்டரி ஜோஷி அங்கிள் டார்ச்சோடு மேடையேறி, இன்றைக்கு இவ்வளவுதான், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்கிறார். அக்கா வலையைப் பிடித்தபடி இருட்டில் நிற்கிறாள்.

அப்பா அசையவில்லை. நான் அவர் தொடையை உலுக்கினேன். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தே இருந்தார். வாக்குக் கொடுத்திருக்கிறாரே.

அப்போது மேடையிலிருந்து, அத்தனை மராத்திக்காரர்கள் முன்னால், சுத்தக் கோயம்புத்தூர்த் தமிழில் ஒரு குரல்.

"அப்பா, சும்மா ஒக்காந்திருக்கீங்களே! காரக் கொண்டாங்க!"

அப்படி ஓர் ஓட்டத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

காரை மேடைக்குச் சற்றுத் தள்ளி, மூக்கு மேடையைப் பார்க்க நிறுத்தினார். ஹெட்லைட்டைப் போட்டார், மேடை பளிச்சென்றது. டிக்கியைத் திறந்தார். ஜோஷி அங்கிளிடமிருந்து கேசட்டை வாங்கி முன்சீட் டேப்டெக்குக்குள் தள்ளினார். முதல் தாளம் விழுந்ததும் பில்டிங் ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது. உள்ளூர் சவுண்ட் சர்வீஸ்காரன் வாயைப் பிளந்தான்.

வேறு நாளாக இருந்தால் அப்பா அந்த வால்யூம் நாபை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். என்னைத் தூக்கி டிரைவர் சீட்டில் போட்டார்.

"வால்யூம நீ பாத்துக்க. நான் எம்புள்ளயப் பாக்கணும்."

நாபைப் பிடித்தேன். ஏற்றினால் கூட்டம் எழுகிறது, இறக்கினால் சலங்கை கேட்கிறது. எனக்கு அன்றைக்கே தலைக்கேறிவிட்டது. அதற்கப்புறம் எந்தக் காலேஜ் என்னைப் பிடித்து வைக்கும்?

கடைசியில் அக்கா வலையை வீசினாள். மேடையைத் தாண்டி வந்தது. அப்பா இரண்டு கையாலும் பிடித்தார். ஹெட்லைட் வெளிச்சத்தில், வலை தலைமேல் விழ, பல்லெல்லாம் தெரிய நின்றார். "ஒன்ஸ் மோர்" என்று சொசைட்டியே கத்தியது. மறுபடி ஆடினாள். மறுபடி வீசினாள். மறுபடி பிடித்தார்.

அதோடு கார் பேட்டரி காலி. மொத்தக் கூட்டமும் சேர்ந்து காரைத் தள்ளியது. பின்னால் கழுத்தில் வலையோடு அப்பா, பக்கத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா. வழியெல்லாம் இரண்டு பேரும் பேச்சோ பேச்சு. அம்மா சொன்னாள், அரிசி மூட்டையை இனி மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று.

அந்த ஆட்டத்துக்கு ஒரு போட்டோகூட இல்லை. ஆனால் இன்றைக்கும் அப்பாவிடம் கேட்டுப் பார், எந்தக் காலை எப்போது வைத்தாள் என்று எழுந்து ஆடியே காட்டுவார்.

இப்போது மகர்பட்டாவில் ஒரு ஹாலில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து இதை டைப் பண்ணுகிறேன். அக்கா மகளின் டான்ஸ். ஜெனரேட்டர் ரெடி, ஏசி ரெடி. பார்க்கிற இடமெல்லாம் கை தூக்கி மொபைல்... அக்காவும் தூக்கித்தான் வைத்திருக்கிறாள். முன்வரிசையில் ஒரே ஒரு ஆள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இதோ, திரும்பி என்னைப் பார்த்து விரலைச் சுழற்றுகிறார், வால்யூமை ஏற்றச் சொல்லி. போகணும்.