பாம்பனில் இறங்குபவள்

பாம்பன் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்கு முன்பே கஸ்தூரி கதவருகில் போய் நின்றுகொள்வாள். ஒரு கையில் புளிச்சோறு அடைத்த தூக்கு, மறு கையில் செருப்பு. "நீங்கள்லாம் போயி முழுக்குப் போடுங்க. சாயங்காலச் சோத்துக்கு வந்துடறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கி, மணலில் நடக்கத் தொடங்குவாள். வண்டி எங்களை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோகும்.

உத்திரமேரூர் துரைராஜ் தை அமாவாசைக்கு நடத்தும் யாத்திரை பஸ்ஸில் அவள் சமையல்காரி. இன்றைக்கும் அவள்தான். நான் எழுதுவது, கடலுக்குள் ரோடு பாலத்தின் தூண்கள் மட்டும் எழும்பியிருந்த வருஷங்களைப் பற்றி. பஸ்ஸை மண்டபத்தில் நிறுத்திவிட்டு, அண்டா அடுப்பு சகிதம் ரயிலேறித்தான் தீவுக்குள் போகவேண்டும்.

குள்ளமான உருவம், கனத்த மணிக்கட்டு, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். அடுப்போடு பேசுவாள். "எரியேண்டி, இன்னா மொறைக்கிற?" என்று விறகைத் தள்ளுவாள். சாப்பிடும்போது உட்காரமாட்டாள். துரைராஜ் கிண்டல் செய்வார்: "ராமேஸ்வரத்துக்கு வந்து சாமி பாக்காத ஒரே ஆளு நீதாம்மா." அவள் அண்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வாள்: "சாமி எங்கியும் பூடாது, அங்கியே கீது. மனுசன்தான் ஒரு எடத்துல நிக்கறதில்ல."

அவள் புருஷன் தணிகைவேல், தனுஷ்கோடி கப்பல் துறைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் மாவாட்டப் போனவன். அறுபத்து நாலாம் வருஷ மார்கழிப் புயலில் அந்த ஊரே கடலுக்குள் போயிற்று. உடல் கிடைக்கவில்லை. பெண் இந்திராணி அப்போது கைக்குழந்தை. இதெல்லாம் நான் பார்த்ததல்ல, தணிகைவேலின் அண்ணன் தங்கவேலு சொன்னது. கஸ்தூரி முதல் முறை ராமேஸ்வரம் வந்தபோது கடற்கரையில் ஒரு புரோகிதர் "யாருக்கும்மா திதி?" என்று கேட்டாராம். ஈரப் புடவையோடு ஓடிவந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கோயில் பக்கம் போகவில்லை. கோயில் பார்க்க வந்தவர்கள் எட்டிப் பார்க்காத இடங்களுக்குப் போனாள்.

தங்கச்சிமடத்துத் தென்னந்தோப்புகள், ஓலைக்குடா, சங்குமால், குந்துகால் என்று வருஷத்துக்கு ஒரு பக்கம். அங்கேயெல்லாம் அவள் கேட்டது ஒரே கேள்வி: "எங்க ஊரு மாதிரி பேசற ஆளு யார்னா கீறாரா?" புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பினாள். உயிரோடு இருக்கிறான் என்று நம்பித் தேடுகிறவள் அதை எப்படிச் சொல்வாள்? அதனால் பேச்சை அடையாளமாக வைத்துக்கொண்டாள். அந்தத் தீவில் வாயைத் திறந்தாலே நம் பக்கத்து ஆள் தனியாகத் தெரிவான் அல்லவா? கரையோரப் பிள்ளைகள் அவளுக்கு 'இன்னாக்கா' என்று பெயர் வைத்திருந்தன.

பாம்பனில் கருவாடு விற்கும் சபுராதான் அவளுக்குக் காதும் கண்ணும். சபுரா வீட்டுக் கொல்லையில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதில் ஒரு குடம் கொண்டுவந்து கஸ்தூரி காப்பி போடுவாள். தீர்த்தத் தண்ணியில் போட்ட காப்பியின் ருசியே தனி என்று எங்கள் பஸ்ஸில் எல்லோரும் சொன்னார்கள். "மூச்சு வுடாதே" என்று துரைராஜ் அவளுக்குக் கண் காட்டுவார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் தங்கவேலுவும் பஸ்ஸில் ஏறினார். இந்திராணிக்கு வைகாசியில் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீடு மானாம்பதி. அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: "பொட்டு வெச்சினுகீற அம்மாவுக்குப் புருசன் எங்க? கீறார்னா கூட்டியாங்க. இல்லேன்னா செய்யவேண்டியதைச் செஞ்சுட்டு வாங்க." தம்பிக்குக் கடலில் காரியம் செய்யத்தான் தங்கவேலு வந்தார். கெட்டவர் அல்ல. விழுப்புரம் வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தார்.

புருஷனுக்கு அண்ணன், மச்சாண்டார் முறை என்பதால் கஸ்தூரி தங்கவேலுவோடு நேராகப் பேசமாட்டாள். என்னிடம் வந்தாள். "ஐயா, அவராண்ட சொல்லுங்க. எனக்கு ஒரே ஒரு நாளு குடுக்கச் சொல்லுங்க. சபுரா ஒரு ஆளைப் பாத்து வெச்சிகினு கீறதா சேதி அனுப்பிகீறா." தங்கவேலு தலையை ஆட்டினார். "போய்ட்டு வரட்டும். அவன் கெடச்சா எனக்கு மட்டும் கசக்குதா? கூட நீங்களும் போங்க ஐயா."

அந்த வருஷம் நானும் பாம்பனில் இறங்கினேன்.

சபுரா எங்களை ஒரு மீன் வேனில் ஏற்றினாள். "தனுஷ்கோடிக்கு அங்கிட்டு ஒரு ஆளு வலை பின்னிக்கிட்டு இருக்காக. எதுக்கெடுத்தாலும் 'இன்னா'ங்காகளாம். இந்தத் தடவை தப்பாதும்மா" என்றாள். ரோடு முடிந்த இடத்தில் இறங்கி நடந்தோம். மேற்கூரை இல்லாத சுவர்கள். மணலுக்குள் போய் மறையும் தண்டவாளம். கஸ்தூரி எதையும் நின்று பார்க்கவில்லை. வழியில் பொட்டைத் தொட்டுச் சரிசெய்துகொண்டாள்.

ஓலைக் குடிசை வாசலில் முதுகைக் காட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் நிழல் வலைமேல் விழுந்ததும், திரும்பாமலே, "இன்னா வோணும்?" என்றார்.

கஸ்தூரி கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது. அவர் திரும்பினார். அவள் மெல்லத் தலையை அசைத்தாள். இல்லை.

உத்திரமேரூருக்குப் பக்கத்திலிருக்கும் பெருநகர் என்ற ஊர்க்காரர், பெயர் கோபால். புயலுக்கு முன்பே இந்தப் பக்கம் வந்தவர். "யாரைத் தேடிகினு வந்தீங்க? பேரு இன்னா?" என்றார். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். அப்படி ஒருவரைத் தெரியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்னைப் பாத்ததா ஊர்ல சொல்லிடாதீங்க. புயல்ல பூட்டேன்னு வூட்ல கருமாதி பண்ணிட்டாங்களாம். அப்பிடியே இருக்கட்டும்." குடிசைக்குள்ளிருந்து ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஊர்ல உன் பொண்டாட்டி?" என்றாள் கஸ்தூரி.

"அது தாலிய எடுத்திருக்கும்."

கஸ்தூரி தூக்கைத் திறந்து புளிச்சோற்றை ஓலையில் வைத்தாள். அவர் தலை குனிந்து முழுவதையும் தின்றார். "நம்மூருச் சோறு. உப்புதான் கம்மியா கீது."

"இத்தினி தண்ணி சுத்தியும் உனக்கு உப்பு பத்தலியா?" என்றாள். சபுரா சிரித்தாள். கஸ்தூரி சிரிக்கவில்லை.

திரும்பும்போது வேனில் என் பக்கம் பார்க்காமல் பேசினாள். "இவன் கீறான். அவ இல்லேன்னு கீறா. எங்க வூட்டுக்காரரும் எங்கியாவது இப்பிடி ஒக்காந்துகினு கீறாரோ என்னமோ. கீறவனே வரமாட்டேங்கறான், நான் யாரத் தேடறது?" சிறிது தூரம் போனபின், "அவராண்ட சொல்லிடுங்க ஐயா. நாளைக்கே பண்ணிடட்டும்" என்றாள். சபுரா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். "நான் விசாரிக்கறத விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடியலில் அக்கினி தீர்த்தத்தில் தங்கவேலு எள்ளும் தண்ணீரும் விட்டார். கஸ்தூரி முழுகி எழுந்தாள். குங்குமம் கடலோடு போயிற்று. தாலிச் சரட்டைக் கழற்றியதும் அவளேதான். உதவ வந்த பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள். வந்து அடுப்பு மூட்டி எல்லோருக்கும் நாஷ்டா போட்டாள். பொங்கலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் ரயில் பாம்பனில் நின்றது. கஸ்தூரி ஜன்னலோரம் இருந்தாள். எதிரே தங்கவேலு, மடியில் கல்யாணத்துக்கென்று வாங்கிய வலம்புரிச் சங்கு. பிளாட்பாரத்தின் கோடியிலிருந்து சபுரா ஓடிவந்தாள். தலையிலிருந்து முந்தானை நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்து எங்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சந்தோஷம். வெறும் நெற்றியை அவள் இன்னும் கவனித்திருக்கவில்லை.

"இன்னாக்கா, இறங்கு! தங்கச்சிமடத்துல ஒரு ஆளு, மாவாட்டுற ஆளு, பேரைக்கூடக் கேட்டுக்கிட்டு வந்துட்டேன், அவுக பேரு..."

வண்டி நகர்ந்தது. கஸ்தூரி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, சபுராவின் வாயை இறுகப் பொத்தினாள்.