பதினாறு நாள் இலக்கணம்

ஐம்பதுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஆறாவது பாரம் படிக்கும்போது நான் வயதுக்கு வந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். பதினாறு நாள் என்னைப் பின்கட்டு அறையில் உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய். புத்தகத்தைத் தொடக்கூடாது, சரஸ்வதிக்குத் தீட்டு என்றாள் அம்மா.

அந்த நாட்களில்தான் வகுப்பில் ஆங்கில வாக்கியங்களை மூன்றாகப் பிரிக்கும் பாடம் நடந்தது. சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ். பரீட்சையில் தவறாமல் வரும்.

என் பெஞ்சுத் தோழி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவள் அப்பா தண்டவாளத்தில் கூலி வேலை பார்த்தார். பாஸாகி டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அவர்கள் எங்கள் தெருவுக்குள் வருவது வழக்கமில்லை. அவள் பின்பக்கச் சந்து வழியாக வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"நீ புக்கைத் தொட வேணாம்டி. நான் படிக்கிறேன், நீ வாயால சொல்லு."

தினமும் சாயங்காலம் வந்தாள். புத்தகத்து வாக்கியங்கள் தீர்ந்ததும் தானே கட்டிச் சொன்னாள்.

"'தி ரெயின் ஸ்டாப்டு.' இன்னா அது?"

"சிம்பிள்."

"'தி ரெயின் ஸ்டாப்டு அண்டு ஐ கேம் ஹியர்.'"

"காம்பவுண்ட்."

"சத்தமா சொல்லுடி, எறும்புக்குக்கூட கேக்கல. 'ஐ வில் கம் இஃப் யூ கால் மீ.'"

நான் விழித்தேன்.

"'இஃப் யூ கால் மீ'ன்னு மட்டும் சொல்லிட்டு நான் போய்ட்டா, பாதில வுட்டுட்டு போறாளேன்னு திட்டுவ இல்ல? தனியா நிக்காது. அதான் காம்ப்ளெக்ஸ்."

டீச்சர் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு விளங்கியிருக்காது.

அவள் போனதும் அம்மா அந்த ஜன்னல் விளிம்பில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். ஒருநாள் எதையோ மறந்து வைத்துவிட்டுத் தோழி உடனே திரும்பி வந்தாள். ஈரத்தைப் பார்த்தாள். "மழையே இல்ல, உங்கூட்டு ஜன்னல் மட்டும் நனைஞ்சி கீதே" என்று சிரித்தாள். மறுநாளும் வந்தாள்.

கார்த்திகை மாதம் அவள் அப்பாவுக்கு வேலையில் கால் முறிந்தது. அவள் அம்மா கூலிக்குப் போக, இவள் அவரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தாள். அடுத்த மாதம் செலக்‌ஷன் பரீட்சை. அதில் தேறியவர்களைத்தான் பெரிய பரீட்சைக்கு அனுப்புவார்கள். வகுப்புப் பெண் ஒருத்தியிடம் எனக்குச் சீட்டு கொடுத்தனுப்பினாள். 'இங்கிலீஷ் நோட்டை எடுத்துக்கொண்டு வா. உள்ளே வர வேண்டாம். வாசலில் நின்று படித்தால் போதும், நான் கேட்டுக்கொள்வேன்.'

அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று மூன்று நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நான்காம் நாள் பள்ளி விட்டதும் சொல்லாமல் ரயில்வே கேட் வரை போனேன். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது கடந்ததும், எதிர்ப்பக்கம் குழாயடியில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.

"யாரும்மா வோணும்?" என்றாள் ஒருத்தி.

தோழியின் பெயரைச் சொன்னால் வீட்டைக் காட்டியிருப்பார்கள். சொல்ல வாய் வரவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

செலக்‌ஷன் பரீட்சைக்கு மட்டும் அவள் வந்து எழுதினாள். தேறியவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை, இங்கிலீஷில் போய்விட்டது. பள்ளி வாசலில் என்னைப் பார்த்தாள்.

"உன் பேரு வந்துச்சா?"

"ம்."

"அதான் வோணும்" என்றாள். நான் ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம். கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் கடப்பாக்கத்துக்கு, அவள் அம்மாவின் ஊருக்குப் போய்விட்டது.

பெரிய பரீட்சையில் வாக்கியங்களைப் பிரிக்கும் அந்தக் கேள்வி வந்தது. எழுத்தைப் பார்த்தால் எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் முணுமுணுத்து, காதால் கேட்டுப் பார்த்துத்தான் பிரித்தேன். மேற்பார்வைக்கு நின்ற அம்மாள் என் பெஞ்சுக்கு வந்தார்.

"யாரைக் கேட்டுக்கினு எழுதறே?"

பக்கத்தில் யாருமில்லை என்று சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன்.