ஏட்டய்யா மலைக்குக் கொண்டுபோன போட்டோ

கள்ளக்குறிச்சியில் என் நாற்காலியில் உட்கார்ந்து அழாத குடும்பம் கிடையாது. கிழவன் பெருமை பேசுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டினேன். பிறகு ஒரு பந்தல்காரரிடம் கம்பு நடப் போனேன். கடைசியில் அந்தப் பந்தல் கடையையே விலைக்கு வாங்கினேன். இன்றைக்கு ஷாமியானா, நாற்காலி, ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, சொர்க்க ரதம் எல்லாம் சொந்தம். சின்னசேலத்திலிருந்து திருக்கோவிலூர் வரைக்கும் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதல் போன் தாய்மாமனுக்குப் போகும், இரண்டாவது போன் எனக்கு வரும்.

ஐஸ் பெட்டி இன்றைக்கு எவன் வேண்டுமானாலும் வாங்கலாம். என் கையை வாங்க முடியாது. செத்தவர் முகத்தைச் சும்மா விட்டால் அது பார்க்கிறவரைப் பயமுறுத்தும். வாய் பிளந்துகொள்ளும், கண் பாதியில் நிற்கும். தாடையை எந்த நேரத்தில் கட்டவேண்டும், எந்த நேரத்தில் அவிழ்க்கவேண்டும், மூக்கில் பஞ்சை வெளியே தெரியாமல் எப்படி வைக்கவேண்டும் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செய்து செய்து வந்தது. நான் முடித்துவிட்டு நகர்ந்தால் "அய்யோ, தூங்கற மாதிரியே இருக்காரே" என்று சொல்லாத வீடு இல்லை. ஒரு வீட்டில் மாமியார் செத்ததற்குப் போனேன். மருமகள் எட்டிப் பார்த்து ரெண்டடி பின்னால் போய்விட்டாள். "அண்ணே, இது எழுந்து உக்காந்துக்கும் போலக்குது. இன்னும் கொஞ்சம் செத்த மாதிரி பண்ணுங்களேன்" என்றாள். அதற்கு மேல் எனக்கு என்ன பட்டம் வேண்டும்?

யாருமில்லாத பிணத்துக்கு நான் வாடகை வாங்குவதில்லை. அதனால் போலீஸ்காரர்கள் எல்லாருக்கும் என்னைத் தெரியும். அதில் ஒருத்தர்தான் இந்த ஏட்டய்யா. டவுன் ரோந்து பார்ப்பவர். பைக்கில் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, பைபாஸ் என்று சுற்றிக்கொண்டே இருப்பார். கேஸ் விசாரிப்பது அவர் வேலை இல்லை. கண்ணில் பட்டதை ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவதுதான் வேலை. என் கடை வாசலில் வண்டியை நிறுத்தி டீ குடிப்பார்.

"இன்னா பெரியவரே, மொகம் வாடிக் கெடக்குது? ஊர்ல யாரும் சாவலியா?"

"நீங்க ரோந்து சுத்தற வரைக்கும் எனக்கு வியாபாரம் கொறையாதுங்க ஏட்டய்யா."

இப்படித்தான் எங்கள் பேச்சு.

ஒரு நாள் காலையில் வந்தவர் டீயைத் தொடவில்லை. பைபாஸ் ஓரத்தில் ஒரு பையனைப் பார்த்ததாகச் சொன்னார். மீசை இப்போதுதான் கறுத்திருக்கிறது. பின்மண்டையில் அடி. உயிர் இல்லை. பையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஏதோ வண்டி அடித்துவிட்டுப் போயிருக்கிறது என்று ஸ்டேஷனில் முடிவு கட்டிவிட்டார்கள்.

"பெரியவரே, விடியற வரைக்கும் மழை. ரோடெல்லாம் தண்ணி. அவன் சட்டை முதுகுல ஊறிக் கெடக்குது, நெஞ்சுல ஒரு சொட்டு ஈரம் இல்ல. அடிபட்டு வுழுந்தவன் எப்படிங்க நனையாம கெடப்பான்? மழை வுட்டப்புறம் எவனோ கொண்டாந்து படுக்க வச்சிட்டுப் போயிருக்கான்."

மேலே இருப்பவர்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறார். உனக்கு ரோந்து, நீ ரோந்தைப் பார் என்று பதில் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலோ, விழுந்தும் அடிபட்டிருக்கலாம், வண்டி மோதியும் அடிபட்டிருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். பையனின் பேர் தெரிந்தால் எங்கே வேலைக்குப் போனான் என்று தெரியும், யார் கூட்டிப்போனான் என்று தெரியும். பேர் தெரியாவிட்டால் அவன் கணக்கு குழியோடு முடிந்தது. ஏட்டய்யாவுக்கு அது பொறுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் விசாரித்ததில், வெள்ளிமலை பஸ்ஸில் ஏறுகிற முகம் மாதிரி இருக்கிறது, எந்த ஊர் என்று தெரியாது என்று ஒரு கண்டக்டர் சொன்னார். கையில் கிடைத்தது அவ்வளவுதான்.

என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "இந்த மூஞ்சிய போட்டோ எடுத்தா பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாதுங்க. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க" என்றார்.

நான் செய்த வேலையிலேயே அதுதான் பெரிய வேலை என்று இன்றைக்கும் சொல்வேன். முகத்தில் இருந்த மண்ணை வெந்நீரில் துணி நனைத்து எடுத்தேன். வாயை மூடினேன், மூடினது தெரியாமல் மூடினேன். தலையில் எண்ணெய் தொட்டு வாரிவிட்டேன். அடிபட்ட பக்கம் கீழே போகிற மாதிரி தலையை லேசாகச் சாய்த்து, கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணியை இழுத்துவிட்டேன். ஏட்டய்யா செல்போனில் படம் எடுத்தார். எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எம் பையன் ஞாயித்துக்கெழமை இப்படித்தாங்க தூங்குவான்" என்றார்.

அவருக்கு ஓய்வு கிடைத்த நாளில் என் காரில் மலைக்குப் போனோம். காக்கியைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்றேன். "சட்டை இல்லாம கேட்டா எவன் பதில் சொல்லுவான்?" என்று போட்டுக்கொண்டே வந்தார். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது, எப்படிக் கேட்கப்போகிறேன் என்றும் சொன்னார். "செத்துட்டான்னு மொதல்லயே சொல்லிட்டா ஊரே கூடி அழுவும். எவன் புள்ளையோன்னு பத்து ஊட்டுக்காரன் நெஞ்சு பதறும். ஆள் யாருன்னு தெரியட்டும். அப்புறம் பெத்தவங்களைத் தனியாக் கூப்ட்டு மெதுவா சொல்லிக்கலாம்." நல்ல மனசு. அதில் தப்பு சொல்ல எனக்கு அன்றைக்கும் தோன்றவில்லை.

ஊர் ஊராக நிறுத்தினோம். போட்டோவைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். தெரியாதுங்க ஐயா. சாராயம் காய்ச்சுகிறவனைத் தேடி போலீஸ் வரும், மரம் வெட்டப் போனவனைத் தேடி வரும். அப்பன் காலம் பாட்டன் காலமாக அந்த மலையில் காக்கிச் சட்டைக்கு ஒரு பதில்தான் உண்டு. வெள்ளை வேட்டி கட்டிக் காரில் வந்த என்னையும் பெரிய அதிகாரி என்று நினைத்துக் கும்பிட்டார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு ஊரில் மரவள்ளிக் கிழங்கைச் சீவிப் பாறையில் காயப்போட்டுக்கொண்டிருந்தார் ஒருத்தர். ஏட்டய்யா செல்போனை நீட்டினார். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க பக்கத்து ஆளு இல்லீங்க சாமி."

"நல்லா பாருப்பா."

"பாத்துட்டன் சாமி. இந்தப் பக்கமே பாத்த மொகமில்ல." கொடுத்துவிட்டு, "இன்னா பண்ணிட்டான் இந்தப் பையன்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. எந்த ஊரு புள்ளன்னு சும்மா விசாரிச்சிக்கினு இருக்கோம்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. எங்களை உட்காரவைத்து வேகவைத்த கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொடுத்தார். போலீஸைப் பார்த்துப் பயந்த ஊரில் இந்த ஒரு மனுஷன் விருந்து வைத்தானே என்று காரில் வரும்போது ஏட்டய்யாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். நகராட்சி இடுகாட்டில் நான்தான் அடக்கம் செய்தேன். தேங்காய் உடைத்தேன், கற்பூரம் ஏற்றினேன். ஏட்டய்யா ரோந்து வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்து ஒரு பிடி மண் போட்டார். பேர் தெரியாத பையன், விபத்து என்று அந்தக் கேஸ் கட்டை மூடிவிட்டார்கள். அவர் மட்டும் டீக்கடை டீக்கடையாக, லாரி நிற்கிற இடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். உடன் வேலை பார்ப்பவர்கள், "இன்னா ஏட்டு, பொண்ணுக்கு மாப்ள பாக்கறியா?" என்று கிண்டல் செய்தார்கள்.

தீபாவளி போனது. பொங்கலும் போனது. ஒரு மத்தியான நேரத்தில் ஏட்டய்யா என் கடைக்கு ஒரு ஆளையும் அவர் மனைவியையும் கூட்டி வந்தார். கிழங்கு கொடுத்த அதே ஆள். பஸ் ஸ்டாண்டில் ரோந்துக்கு நின்றவரை அவர்களே அடையாளம் கண்டு காலில் விழுந்திருக்கிறார்கள். அங்கே வைத்துச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. என் நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த ஆள் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"சாமி, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டன். அது எம் பையன்தான். மேஸ்திரி ஒருத்தன் கட்டட வேலைக்கு இட்டுக்கினு போனான். கேட்டா, வேலைய வுட்டு ஓடிட்டான்றான். பொங்கலுக்கும் வரல. போலீசு எடத்துலதான் இருக்கான்னு எனக்குத் தெரியும், அன்னைக்கே போட்டாவப் பாத்தனே. இன்னா கேசா இருந்தாலும் ஒத்துக்கறோம் சாமி. ஒரே ஒரு தரம் கண்ணுல காட்டுங்க."

அந்த அம்மா மடியில் ஒரு பை வைத்திருந்தாள். ஜெயிலில் போட்டுக்கொள்ள ஒரு சட்டை, ஒரு போர்வை.

ஏட்டய்யா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். பைபாஸில் பார்த்ததிலிருந்து குழி வரைக்கும் சொன்னார். அந்த ஆள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இல்ல சாமி. அது வேற யாராவது இருக்கும். செத்த மொகம் எனக்குத் தெரியாதா? எங்கப்பன நான்தான் குழியில எறக்கினேன். எந் தம்பிய எறக்கினேன். நான் பாத்தது செத்த மொகமில்ல. வெள்ளப் போர்வ போத்திக்கினு தூங்கறான். தல வாரியிருக்குது. வூட்டுக்குப் போயி இவகிட்டயும் சொன்னன், போலீசு அவன நல்லா வச்சிருக்குது, மொகம் தெளிவா இருக்குதுன்னு. அன்னைலேர்ந்துதான் இவ சோறு தின்றா."

ஏட்டய்யா என்னைப் பார்த்தார். அவர் என்ன சொன்னாலும் இந்த மனுஷன் நம்பமாட்டார், நான்தான் சொல்லவேண்டும்.

சொன்னேன். என் தொழிலை நான் யாருக்கும் விளக்கினதில்லை. அன்றைக்கு விளக்கினேன். மண்ணைத் துடைத்தது, வாயை மூடியது, தாடைக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்தது, மண்டையைச் சாய்த்தது, போர்வை என்று அவர் நினைத்தது என்ன துணி என்பது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாதியில் நிறுத்தலாம் என்று பார்த்தேன். நிறுத்தினால் மறுபடியும் நம்பிக்கை வந்துவிடும். முடிகிற வரைக்கும் சொன்னேன்.

அந்த அம்மா அழவில்லை. "தல வாரி வுட்டது நீங்களா?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா."

"எந்தப் பக்கம் வகிடு எடுத்தீங்க?"

எனக்கு நினைவில்லை. எத்தனையோ பேருக்கு வாரியிருக்கிறேன். வலது பக்கம் என்று சொன்னேன். அவள் பையைத் திறந்து சட்டையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, மறுபடியும் மடித்து உள்ளே வைத்தாள்.

அதன் பிறகு அந்த ஆள் எதையும் மறைக்கவில்லை. தன் பேர், ஊர், மேஸ்திரி பேர், என்ன வண்டியில் வந்தான், கூடப் போன பையன்கள் யார் என்று கேட்காததையும் சொன்னார். ஏட்டய்யா அதை வைத்து மூடின கட்டைத் திறக்கவைத்தார். வேலை பார்த்த கட்டடத்தில் சாரம் சரிந்து பையன் விழுந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேஸ் ஆகும் என்று, ஊர்ப் பக்கம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மேஸ்திரி உள்ளே போனான், ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். தாசில்தார் முன்னால் குழியைத் திறந்து, இருந்ததை என் வண்டியில் மலைக்குக் கொண்டுபோய் அவர்கள் நிலத்து ஓரத்தில் அடக்கம் செய்தோம். அந்த முறை நான் எதையும் தொடவில்லை. அவர்கள் ஆட்களே எல்லாவற்றையும் செய்தார்கள்.

இப்போதும் போலீஸ் கூப்பிட்டால் போகிறேன். எடுக்கவேண்டிய படத்தை எடுத்து முடியுங்கள், அப்புறம் நான் கை வைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வீடுகளுக்கு வழக்கம்போலத்தான். என் அளவுக்குச் செய்கிறவன் இந்த ஜில்லாவில் இன்னும் வரவில்லை.

கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. வாய்தா அன்றைக்கு முதல் பஸ்ஸில் இறங்கி அந்த ஆள் நேராக என் கடைக்கு வருவார். அந்த அம்மா வருவதில்லை. கோர்ட் திறக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார், நான் டீ வாங்கிக் கொடுப்பேன். மேஸ்திரிக்குத் தண்டனை கிடைக்குமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒன்றுதான் கேட்பார்.

"நீங்க மொகத்தப் பாத்தவங்க. ரோட்ல போடும்போது உசுரு இருந்துச்சா?"

டாக்டரும் சொல்லவில்லை, ஏட்டய்யாவாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. "இல்லப்பா. வுழுந்த எடத்துலயே போயிருக்கான். அந்த மொகத்துல வலி இல்ல" என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்.

அடுத்த வாய்தாவுக்கு வந்தபோதும் அதையேதான் கேட்டார்.