மாடிப்படிக்குக் கீழே நீலத் தரை

சோறு தின்னும் மேசைக்குப் பக்கத்திலேயே கழிவறை வைப்பது, கல்யாணமாகி இங்கு வந்து இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஒப்பவில்லை. அறந்தாங்கிப் பக்கம் எங்கள் வீட்டில் அதற்கு இடமே கிடையாது. இங்கே மலாய் நாட்டு லுக்குட்டில், எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் மாடி வீட்டில், படிக்குக் கீழே தட்டுமுட்டுச் சாமான் கிடந்த மூலையைக் காலி செய்து சின்னதாக ஒரு 'தண்டாஸ்' கட்டச் சொன்னதே நான்தான். கழிவறைக்கு மலாயில் அதுதான் பெயர். இருந்த ஒரே குளியலறை மாடியில். என் கணவர் சுகுமாரனுக்குச் சர்க்கரை நோயால் ஒரு கண் போய், மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. படியில் உருண்டு தோள் வீங்கிக் கிடந்தார்.

"லயத்துல அத்தன வீட்டுக்கும் ஒரே கக்கூஸ்லா," என்றார், தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த அவர். "எனக்குன்னு ஒன்னு கெடைக்குது, கண்ணு போற நேரத்துல."

டைல்ஸ் கடைக்கு நான் மட்டும் போனேன். கடைக்காரச் சீனர் "தெதாமு?" என்றார். விருந்தாளிகளுக்கா என்று கேட்டிருக்கிறார். புரியாமல் தலையாட்டினேன். முகம் தெரிகிற கறுப்புக் கல்லையும், பொன்கோடு போட்ட சுவர்த்தாளையும் விரித்துவிட்டார். எனக்குத் தெரிந்த மலாயைக் கூட்டி, "சுவாமி தாக் நம்பாக்," என்றேன். கணவருக்குக் கண் தெரியாது என்று சொன்னதாக நினைப்பு. அவர் வாய்விட்டுச் சிரித்து, உதட்டில் விரலை வைத்தார். புருஷன் கண்ணில் படாமல் வாங்க வந்தவள் என்று எடுத்துக்கொண்டார். நான் கண்ணைப் பொத்திக்கொண்டு காற்றைத் தடவிக் காட்டினேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

சிறுவயதில் விடியுமுன் அம்மாவோடு கருவேலங்காட்டுக்குப் போவேன். விளக்கு கிடையாது. பாதையைக் கால்தான் பார்த்தது. மண் எங்கே முடிந்து சரளை தொடங்குகிறது என்று பாதத்துக்குத் தெரியும். அந்த அவமானத்தில் கற்றது இப்போது உதவியது. செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு கல்லிலும் ஏறி நின்று, வழுக்காத சொரசொரப்பானவற்றைத் தனியே எடுத்து வைத்தேன். வெள்ளை போட்டால் சின்ன அறை பெரிதாகத் தெரியும் என்றார்கள் கடையில். தரையும் சுவரும் பீங்கானும் வெள்ளையானால் அவருக்கு எல்லாம் ஒரே புகையாகிவிடும்.

மாதிரிக் கற்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜன்னலோரம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தவர் அடர்நீலத்தில் நின்றார். "இது தெரியுதுலா. வெள்ள பீங்கான் இதுமேல நல்லாத் தெரியும். இதையே போடு." சுவரில் இடுப்பளவுக்கு வரிவரியான கல், கை பிடித்துப் போக. அதற்கு மேல் வெறும் சாயம்.

தரை போட்டு, சுவர் வேலை பாதியில் இருந்தபோது ஒரு காலை எழுந்து உட்கார்ந்து, "லைட்டப் போடு," என்றார். கட்டில் முழுக்க வெயில் விழுந்திருந்தது. கண்ணுக்குள் இரத்தம் கசிந்துவிட்டது, இனி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர்.

வேலை முடிந்த அன்று அவரை உள்ளே கூட்டிப்போனேன். வரிக்கல்லைத் தடவிக்கொண்டே நின்றார்.

"என்னா கலர் போட்ட?"

"நீங்க எடுத்த நீலந்தான்."

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

கதவை மூடிவிட்டு வெளியே நின்றேன். ஊரிலிருந்து அண்ணன் போனில் கூப்பிட்டான். "அங்க தனியா எதுக்கு அல்லாடுற? மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரு. கீழ ரூம ஒழிச்சுத் தர்றேன்." பதில் சொல்லுமுன் உள்ளே இருந்து குரல் வந்தது.

"யாரு?"

"வீட்லேருந்து," என்றேன்.

"நாம வீட்லதானலா இருக்கோம்?"

கதவு திறந்தது. கை என்னைத் தேடியது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அவரைப் பிடித்தேன். அண்ணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.