அன்றாடம் ஒரு வாக்கியம் கொடுத்தவர்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, நம் அச்சகத்தில் மிஷின் ஓட்டும் ஹனிபா, மீரான் ராவுத்தரின் மைத்துனர், வந்து வாசலில் நின்றார். வழக்கமாக உள்ளே வந்து உட்காருபவர், அன்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மச்சான் மவுத்தாயிட்டாக அய்யா. விடியக்காலம் மாருல வலிக்குதுன்னாக, தண்ணி கேட்டாக, அம்புட்டுத்தான். மத்தியானம் அடக்கம். ஒங்ககிட்ட மொதல்ல சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்” என்றார்.

நான் வாயைக் கொப்பளிக்காமலே “அப்படியா” என்றேன். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பாடம் நடத்தியவன், இந்தப் பத்திரிகையில் பதினைந்து ஆண்டுகளாக ஊராருக்கு ஆறுதல் எழுதி வருபவன். எனக்கு அன்று கிடைத்த சொல் அது ஒன்றுதான்.

மீரான் ராவுத்தரை இப்பத்திரிகையின் வாசகர்களில் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் படித்த ஒவ்வோர் எழுத்தும் அவர் விரல் பட்டு வந்தது. எங்கள் அச்சகத்தில் அவர்தான் தலைமை அச்சுக்கோப்பாளர். ‘அன்றன்றைக்கு’ என்ற தலைப்பில் மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு பத்தி, காலையில் எழுந்ததும் படித்து மனத்தில் வைத்துக்கொள்வதற்காக, நான் எழுதி வருவதை வாசகர்கள் அறிவார்கள். அந்தப் பத்திகளைப் பற்றி அவர்கள் அறியாத ஒன்றை இன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதுவும் சரியாக வருமா என்று தெரியவில்லை.

அந்தப் பக்கத்தைப் பத்திரிகை முதலாளி என்னிடம் ஒப்படைத்தபோது நான் ஒரு நடைமுறை வகுத்துக்கொண்டேன். முப்பது பத்திகளையும் ஒரே மூச்சில் எழுதினால் முப்பதும் ஒன்றுபோல் இருக்கும் என்று, நாளுக்கு ஒன்றாக எழுதி, பள்ளிக்குப் போகும் வழியில் அச்சகத்தில் கொடுத்துவிடுவேன். விடியும் முன் குளித்துக் கோயிலுக்குப் போய், பொற்றாமரைக் குளப் படியில் அரைமணி நேரம் உட்காருவேன். ஏதாவது ஒரு சொல் உள்ளே எழும் என்று காத்திருப்பேன். முதல் இரண்டு மாதங்கள் எழுந்தது. மூன்றாம் மாதம் படிகளின் குளிர்ச்சி தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஒரு நாள் வெற்றுத் தாளோடு அச்சகத்துக்குப் போய் நின்றேன்.

ராவுத்தர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன வாத்தியாரய்யா, இன்னைக்குச் சாமி பேசலையா?”

“பேசலை ராவுத்தரே.”

“அதுக்கும் தொண்ட கட்டியிருக்கும். எம்புட்டுப் பேருகிட்டத்தான் பேசும்!” என்று சிரித்தார். அச்சடித்து முடிந்த பக்கத்தின் ஈய எழுத்துகளைப் பிரித்து, அதனதன் அறையில் போட்டுக்கொண்டிருந்தார். போட்டுக்கொண்டே சொன்னார்: “இந்தா பாருங்க, நேத்துக் கடவுள்ல நின்ன ‘க’ இது. இன்னைக்கு இதக் கத்தரிக்காய்ல கொண்டுபோய் வைக்கப்போறேன். என்னைய இங்கயா வைக்கிறேன்னு அது ஒருநாளும் கோவிச்சுக்கிட்டதில்ல.”

அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து அதைப் பத்தியாக எழுதினேன். கத்தரிக்காயை எடுத்துவிட்டேன். பக்திப் பத்திரிகைக்குப் பொருந்தாது என்று பட்டது. ‘தனக்கு வாய்த்த இடம் எதுவாயினும் அதில் அமைதியுற்று நிற்பதே அடியார்க்கு அழகென ஆன்றோர் இயம்புவர்’ என்று முடித்தேன். அதைச் சொன்ன ஆன்றோர் அழுக்குப் பனியனோடு எதிரே நின்றுகொண்டிருந்தார். அந்தப் பத்தியைப் பாராட்டிப் பதினொரு கடிதங்கள் வந்தன.

அதற்குப் பிறகு குளத்துப் படிக்குப் போவது குறைந்தது. அச்சகத்துக்குப் போய், “இன்னைக்கு என்ன ராவுத்தரே?” என்று கேட்பதே வழக்கமாயிற்று. கோரிப்பாளையத்திலிருந்து ஆற்றைக் கடந்து வரும்போது கண்டது, பள்ளிவாசலில் கேட்டது, சந்தையில் யாரோ திட்டியது, எதையாவது சொல்வார். ஒருமுறை அலங்காநல்லூரில் மாடு பிடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர், “தாவுறவனுக்குப் பயமில்லன்னு நெனைக்காதீக. பயந்துக்கிட்டேதான் தாவுறான். பயமே இல்லாத ஆளு பரண்மேல உக்காந்து கடல தின்னுக்கிட்டு இருக்கான்” என்றார். என் சுபாவம் அறிந்து எனக்காகவே சொன்னார் என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

அவர் பெயரை ஒருமுறையும் நான் குறிப்பிட்டதில்லை. முதலாளி என்ன சொல்வாரோ, சைவப் பத்திரிகையின் வாசகர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம். ஒரு நாள் மனம் உறுத்திப் பேச்சை எடுத்தேன். “எழுத்துக் கோக்கிறவன் பேரு பத்திரிகையில வந்தா அது அச்சுப்பிழை அய்யா” என்று அவரே முடித்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

யுத்தத்துக்கு முந்திய ஆண்டு நகரில் காலரா பரவியது. ராவுத்தருக்கு ஒரே மகள், ஜைனம்பு. கட்டிக்கொடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. தாய்வீட்டுக்கு வந்திருந்த இடத்தில் இரண்டே நாளில் போய்விட்டாள். நான்காம் நாள் ராவுத்தர் வேலைக்கு வந்தார். அன்று அவரிடம் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில், தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் எதிரே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு எழுத்துப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

“கெணத்துல வாளி விழுந்திருச்சுன்னா கயிறக் கையில வச்சுக்கிட்டு அழுது என்ன செய்ய? அதக் கொக்கி போட்டு எடுக்கிற பாதாளக்கரண்டி தெருவுல ஒரு வீட்டுலதான் இருக்கும். அவுக வார வரைக்கும் கெணத்தடியில உக்காந்திருக்கணும்.”

பொறுமை, திருவருள் என்ற இரண்டையும் சேர்த்து நான் எழுதியவற்றில் அதுவே சிறந்தது என்று பலர் எழுதினார்கள். உசிலம்பட்டியிலிருந்து கணவனை இழந்த ஓர் அம்மாள் அந்தப் பத்தியைக் கத்தரித்துச் சுவாமி படத்துக்குக் கீழே ஒட்டிவைத்திருப்பதாக எழுதினார். அந்தக் கடிதத்தை ராவுத்தருக்குப் படித்துக் காட்டினேன். “நல்லது” என்றார்.

ஒன்றரை ஆண்டு கழிந்து, ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகலில் புரூப் பார்க்க அச்சகத்துக்குப் போனேன். ஹனிபா முதலியோர் பள்ளிவாசல் தொழுகைக்கும் மற்றவர்கள் சாப்பாட்டுக்கும் போயிருந்த நேரம். ராவுத்தர் மட்டும் நின்று எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். தொழுகைக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

“போய்க்கிட்டுத்தான் இருந்தேன். நிப்பேன், குனிவேன். உள்ள ஒண்ணும் ஓடல. புள்ள போனதுலருந்து இப்படித்தான். இன்னைக்குக் காலு போகல” என்றார்.

“நீங்கதானே ராவுத்தரே சொன்னீங்க, கிணத்தடியில உக்காந்திருக்கணும்னு...”

“அது ஒங்களுக்குச் சொன்னது அய்யா. நான் இன்னும் கெணத்தடியிலதான் உக்காந்திருக்கேன். யாரும் வரல.”

ஊருக்கெல்லாம் வழிகாட்டும் பத்திகளை எழுதுபவன் அப்போது சொல்லியிருக்கக் கூடியவை எத்தனையோ உண்டு. பின்னாளில் அவற்றை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒன்பது வந்தன. அன்று என் வாயிலிருந்து வந்தது அவற்றில் ஒன்றும் இல்லை.

“அப்ப... நாளைக்கு?” என்றேன்.

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “நாளைக்குத்தானே? வாங்க. இருக்கும்” என்றார்.

மறுநாள் இருந்தது. அதன்பின் ஒவ்வொரு நாளும் இருந்தது. யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் பத்திரிகை பாதியாக இளைத்தபோதும் என் பக்கம் நிற்கவில்லை. தன்னிடம் இல்லாத ஒன்றை ஒரு மனிதர் எனக்கு நாள் தவறாமல் கொடுத்தார். அது தெரிந்தே நான் வாங்கிக்கொண்டேன். கொடுப்பது அவருக்கும் நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் குற்றத்தைச் சரிசெய்ய எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. சமணர் மலையைப் பற்றி முதலாளி ஒரு கட்டுரை கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்குப் போகப் போகிறேன் என்றதும் ராவுத்தர், “நானும் வாரேன். வெயில்ல விழுந்துட்டா தூக்குறதுக்கு ஆளு வேணும்ல” என்று கிளம்பிவிட்டார். இன்று எப்படியும் அவரிடம் அவரைப் பற்றிக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, கேட்க வேண்டியதைச் சிறு காகிதத்தில் எழுதியே கொண்டுபோனேன். ‘உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறது?’ என்பதுதான் அது. வண்டியில் கேட்கவில்லை. அடிவாரத் தாமரைக் குளத்தருகே சோற்று மூட்டையை அவிழ்த்தபோதும் கேட்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்தோம். பழங்காலத்து முனிவர்கள் படுப்பதற்காகப் பாறையில் செதுக்கிய படுக்கைகள் அங்கே இருக்கின்றன. ராவுத்தர் அதில் ஒன்றில் மெல்லப் படுத்தார். வெகுநேரம் குகையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அய்யா, இந்தக் கல்லுல எம்புட்டு வருசம் படுத்திருப்பாக? முதுகு வலிச்சா யாருகிட்டச் சொல்லியிருப்பாக?” என்றார்.

அவர் கேட்டது எதைப் பற்றி என்று இன்று எந்தப் பிள்ளைக்கும் புரியும். நான் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்தக் காகிதத்தின் பின்புறத்தில் அதைக் குறித்துக்கொண்டேன். ‘திங்கட்கிழமைக்கு’ என்று மேலே எழுதி அடிக்கோடும் இட்டேன்.

நான் எழுதுவதை அவர் படுத்தவாறே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும், “போதுமா? எறங்குவமா?” என்று கேட்டு எழுந்துகொண்டார். திங்கட்கிழமை அந்தப் பத்தியை அவரே கோத்தார். துறவின் பெருமையைப் பற்றிய பத்தி அது. புரூப்பை என்னிடம் கொடுத்து, “நல்லா வந்திருக்கு அய்யா” என்றார். அதன்பின் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அப்படியே நான்கு ஆண்டுகள்.

அடக்கம் முடிந்து பதினைந்து நாள் கழித்து ஹனிபா மறுபடி வந்தார். “அக்கா ஒங்களக் கூட்டியாரச் சொல்லுச்சு. மச்சான் ஒங்களுக்குச் சொன்னத எல்லாம் ஒருக்கா வாசிச்சுக் காட்டணுமாம்” என்றார். ராவுத்தரின் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவர் இறந்த துக்கத்தில் வெளியார் முன் வராமல் உள்ளே இருந்தார். இதழ்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போய், திரை போட்ட கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஹனிபா பக்கத்தில் நின்றார். முதல் பத்தியை வாசித்தேன். இரண்டாவதை வாசித்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஹனிபா, இது யாரு பேசுறது?”

“மச்சான் சொன்னதுதான்க்கா. அய்யா எழுதினாக.”

“அவுக ‘இயம்புவர்’னு எப்படா சொன்னாக? அவுக சொன்னதச் சொல்லச் சொல்லு. புள்ள போனப்பறம் எங்கிட்ட ஒரு பேச்சு இல்ல. காலைல எந்திரிச்சதும் ஆத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாக. என்னங்கன்னு கேட்டா, ‘வாத்தியாருக்கு ஒண்ணு கொண்டுபோகணும்’பாக. எல்லாத்தையும் அங்கனதான கொண்டுபோய்க் குடுத்தாக? எனக்கும் கொஞ்சம் குடுக்கச் சொல்லு.”

என் பத்திகள் எல்லாம் நாள் குறித்து ஒழுங்காக நோட்டுகளில் இருக்கின்றன. அவர் சொன்னபடி அவர் வார்த்தைகளை நான் எழுதி வைக்கவில்லை. இதழ்களைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடி யோசித்தேன். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட காலைகளில், பத்திக்கென்று நான் வாங்கியவற்றில், அவர் வாயில் வந்தது வந்தபடி என் நினைவில் நிச்சயமாக நின்றவை ஏழு. ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஐந்தாவதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஏழாவது, மலையில் படுத்துக்கொண்டு அவர் கேட்டது. அதை விட்டுவிடலாமா என்று தயங்கினேன். விடுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று நினைத்து, அதையும் சொல்லிவிட்டேன்.

பிறகு அந்த அம்மாள், என்னிடமோ தம்பியிடமோ அல்லாமல், “நான் இங்கனதான இருந்தேன்” என்றார்.

ராவுத்தரிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்த ஏழு மட்டுமே. நான்கை இங்கே அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். மற்ற மூன்றும் அந்த வீட்டோடு இருக்கட்டும். ‘அன்றன்றைக்கு’ பக்கத்தை இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று முதலாளிக்கு எழுதிவிட்டேன்.

அச்சகத்தில் அவரோடு நின்ற நண்பர்களே, அவரோடு ஆற்றைக் கடந்து நடந்தவர்களே, பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர்களே. உங்களில் எவரிடமாவது எட்டாவதாக ஒன்று இருந்தால் அதை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். கோரிப்பாளையத்துக்குப் போய், அந்தத் திரைக்கு வெளியே உட்கார்ந்து, அந்த அம்மாளுக்குச் சொல்லுங்கள். அவர் சொன்னபடியே சொல்லுங்கள்.